திருவாளர் ரிட்டர்ன்

உலகத்தில் பொருள் வாங்குகிறவர்கள் பல ரகம். கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரும்வரை பேரம் பேசுகிறவர், பேரமே பேசாமல் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் புலம்புகிறவர், வாங்கும் உத்தேசமே இல்லாமல் அலமாரியின் உச்சியில் இருப்பதை இறக்கிக் காட்டச் சொல்லிவிட்டு, "அதுக்குப் பக்கத்துல இருக்கே, அது?" என்று கேட்கிறவர் என இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் அறிமுகம் செய்யப்போகிறவர் இவர்களில் ஒருவர் அல்ல. இவர் பொருளை வாங்குவார், வேலையை முடித்துக்கொள்வார், பிறகு அதை வாங்கவே இல்லை என்று ஆக்கிவிடுவார். அவருக்குத் திருவாளர் ரிட்டர்ன் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவர் இல்லாத இடமில்லை. ஆனாலும் இவருடைய முழு அழகையும் காண வேண்டுமானால், பழைய கார் சாமான்களை இணையத்தில் விற்கிறவரிடம்தான் போக வேண்டும். ஏன் என்கிறீர்களா? புதுச் சட்டையில் அழுக்குப் பட்டால் கண்ணில் தெரியும். பழைய கார் சாமானில் எது பழைய அழுக்கு, எது புது அழுக்கு என்று யார் கண்டது? இவர் வண்டியில் செத்துக் கிடப்பதும் கறுப்பு. விற்கிறவர் அனுப்பும் உயிருள்ள சாமானும் கறுப்பு. நல்லதை மாட்டிக்கொண்டு, செத்ததை அதே பெட்டியில் போட்டு, "வேலை செய்யவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. காசும் திரும்பிவிடும், காரும் ஓடும். இதைவிடச் சொகுசான பிழைப்பு வேறு உண்டா?

ஸ்பேனர் என்று ஒருவர் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஸ்பேனர் இருப்பதால் தெரு முழுவதும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அடிபட்டு நொறுங்கிய கார்களை வாங்கி வந்து, அவற்றில் பிழைத்துக் கிடக்கும் சாமான்களைக் கழற்றி, துடைத்து, படமெடுத்து, இணையச் சந்தையில் போட்டு விற்பது அவர் தொழில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. சென்ற வாரம்தான் அதன் சுவர்களில் ஓட்டை போட்டு, வரிசையாக இரும்புத் தட்டுகள் மாட்டியிருந்தார். அதற்கென்றே இணையத்தில் ஒரு டிரில்லிங் மிஷினும் வரவழைத்தார். இப்போது விளக்குகள் ஒரு தட்டில், கதவுப்பிடிகள் ஒரு தட்டில், டைனமோக்கள் ஒரு தட்டில் என்று கொட்டகை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் நின்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.

கழற்றுவது அவர், கட்டுவது மனைவி. சாமானுக்குக் காகிதம் சுற்றி, பெட்டியில் இறுக்கி, டேப் ஒட்டி அனுப்புவதில் அந்த அம்மாளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒருமுறை அவர் கட்டிய பெட்டியை வாங்கியவர் போன் செய்து, "அண்ணே, சாமான் அப்புறம் இருக்கட்டும், முதல்ல இதை எப்படிப் பிரிக்கிறதுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சியதும் உண்டு.

திருவாளர் ரிட்டர்னின் தொல்லை பொறுக்காமல், அந்த அம்மாள்தான் ஒவ்வொரு சாமானிலும் நகப்பூச்சால் ஒரு பச்சைப் புள்ளி வைத்து அனுப்பத் தொடங்கினார். மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும் அல்லவா? திருவாளர் சளைத்தவரா? பச்சைப் புள்ளியோடு போன டைனமோ சிவப்புப் புள்ளியோடு திரும்பி வந்தது. அவர் வீட்டில் அந்த நிறம்தான் இருந்தது போலும்.

"பச்சையா அனுப்புனோம், சிவப்பா வந்திருக்கே!" என்று ஸ்பேனர் கத்தினார்.

"வழியில பழுத்துடுச்சு போல" என்றார் மனைவி.

சந்தை நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் முறையிட்டபோது, "புள்ளி இருக்குல்ல சார்?" என்று கேட்டார்கள். இருந்தது. புகார் ஸ்பேனர் தலையில் விழுந்தது. அதற்கு முன்னும் இப்படிச் சில விழுந்திருந்தன. இன்னும் ஒரு புகார் உறுதியானால் அவருடைய கடை நிரந்தரமாக மூடப்படும் என்று போனுக்கு ஓர் எச்சரிக்கை வந்து சேர்ந்தது. கடை என்பது போனுக்குள் இருக்கிற கடைதான். ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். எச்சரிக்கையைப் படித்த அன்று ஸ்பேனருக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே பயந்து போனார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு திருவாளர் வந்தார். எப்படி வருவார் தெரியுமா? "இருக்கா?" என்றுதான் வருவார். விற்பனைக்கு என்று படத்தோடு போட்டிருக்கும் சாமானைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி.

"இருக்குங்க."

"கடைசியா என்ன விலை?"

முதல் விலையையே இன்னும் பேசவில்லை என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம், இந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம், வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று பெண் பார்ப்பதைவிட அதிகமாகப் பார்ப்பார். "சொந்த வண்டிக்கா, விற்கிறதுக்கா?" என்று நீங்கள் கேட்டால் மனம் புண்படுவார். எல்லாம் முடிந்து அனுப்பப்போகிற சமயத்தில், யாரும் கேட்காமலே, ஒரு வாக்கியம் சொல்வார் பாருங்கள். அதுதான் இவருடைய முத்திரை. இவரும் சொன்னார்.

"அண்ணே, சில பேர் வாங்கிட்டு ஏமாத்துவாங்க. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை."

இவர் வாங்கியது ஒரு காரின் பக்கவாட்டுக் கண்ணாடி. ஓட்டுகிறவருக்கு எதிர்ப்பக்கத்தில், பின்னால் வருவதைக் காட்ட வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. கார் ஒரு பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தாலும் இந்தக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத் துடைக்கும்போது, அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை மனைவி வாய்விட்டுப் படித்தார்: 'இதில் தெரிபவை, தோன்றுவதைவிட அருகில் உள்ளன.'

"எவ்வளவு நாளா இந்த வேலை செய்யறோம், இதை நான் படிச்சதே இல்லையே" என்றார்.

"அது ஓட்டறவங்களுக்கு. நீ கட்டு" என்றார் ஸ்பேனர்.

அன்று பழுப்பு டேப் தீர்ந்துபோயிருந்தது. மகளின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட வாங்கிய டேப் மட்டும் இருந்தது. மஞ்சள் நிறம், நெடுக வாத்துப் படம். மனைவி அதையே எடுத்து, கண்ணாடியின் பிளாஸ்டிக் கூட்டுக்குப் பாதுகாப்பாகக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மகளுக்குக் காட்ட ஒரு படமும் எடுத்துக்கொண்டு அனுப்பினார். பச்சைப் புள்ளி வைக்க மறந்துவிட்டார். மறந்தது பெட்டி போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஸ்பேனர் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்பார்த்தபடியே புகார் வந்தது. 'உடைந்த பொருளை அனுப்பி ஏமாற்றிவிட்டார்.' சாட்சிக்கு ஒரு படம். சுவரில் சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி. கூடு பிளந்திருந்தது, கண்ணாடியின் ஓரத்தில் விரிசல். ஸ்பேனர் போனை மனைவி பக்கம் திருப்பினார்.

"முடிஞ்சுது. கடை போச்சு. நாம அனுப்புனது இது இல்லைன்னு எப்படிச் சொல்றது? புள்ளியும் வைக்கலையே நீ."

மனைவி போனை வாங்கி, படத்தை இரண்டு விரலால் விரித்தார். இன்னும் விரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என்னங்க, வாத்து இங்க இருக்கு."

கண்ணாடியைப் படமெடுக்கிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. கண்ணாடிக்கு முன்னால் நிற்பவரும் படத்தில் விழுவார். உடைந்த கண்ணாடிக்குள் திருவாளர் நின்றுகொண்டிருந்தார். கையில் போன், முகத்தில் காரியம் முடித்த சிரிப்பு. அவருக்குப் பின்னால் அவருடைய கார். காரில், ஓட்டுகிறவருக்கு எதிர்ப்பக்கத்தில், கீறல் இல்லாத ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அதன் கூட்டின்மேல், அந்த அம்மாள் ஒட்டிய டேப்பைப் பிய்க்க முடியாமல் அவர் விட்டுவைத்த ஒரு மஞ்சள் துண்டு. துண்டில் ஒரு வாத்து.

ஸ்பேனர் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் பல தடவை சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு பெண் வந்தார்.

"சார், உடைஞ்ச படம் இருக்கே சார்?"

"அந்தப் படத்தைத்தாம்மா பார்க்கச் சொல்றேன். பெருசாக்கிப் பாருங்க. நாங்க பெட்டி கட்டறப்ப எடுத்த படமும் அனுப்பியிருக்கேன். அதுல இருக்கற டேப்பையும் பாருங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் செருமுவார்கள்.

"சார்... வாத்து தெரியுது சார்."

"அவரு?"

"அவரும் தெரியறாரு. சிரிக்கறாரு சார்."

புகார் தள்ளுபடி ஆனது. கடை பிழைத்தது. ஸ்பேனர் போனை வைத்துவிட்டு, தட்டில் இருந்த ஒரு ஹாரனைப் பேட்டரியில் வைத்து ஒருமுறை அடித்துப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம்.

ஒரு சாதாரண மனிதர் இந்த இடத்தில் வெட்கப்பட்டு, போன் நம்பரையே மாற்றிக்கொண்டிருப்பார். திருவாளர் ரிட்டர்னுக்கு வெட்கம் என்பது ஆர்டர் செய்தாலும் வீடு வந்து சேராத சரக்கு. மறுநாளே அவர் கூப்பிட்டார்.

"என்ன அண்ணே, இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தக் கார் பக்கத்து வீட்டுக்காரருது."

"அப்ப உள்ளே நின்னு சிரிக்கறது? அதுவும் பக்கத்து வீட்டுக்காரரா?"

"அண்ணே, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. சரி, அதை விடுங்க. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இருக்கா?"

ஸ்பேனர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார்.

"இருந்தா, கடைசியா என்ன விலை?"

போனைத் துண்டித்துவிட்டு, ஸ்பேனர் மனிதகுலத்தைப் பற்றியே பேசத் தொடங்கினார். நியாயம் செத்துவிட்டது என்றார். உபயோகித்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவனுக்கும் சாப்பிட்ட இலையை அடுத்தவன் முன்னால் போடுகிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்றார். இவர்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து ஹாரன் அடிக்க வேண்டும் என்றார். பேசிக்கொண்டே மூலையிலிருந்த ஒரு பெட்டியை இழுத்தார். டிரில்லிங் மிஷினை எடுத்து, அதன் இடுக்குகளில் இருந்த சிமெண்டுத் தூளை வாயால் ஊதினார். பழைய பனியனால் துடைத்தார். ஒயரை அது வந்தபோது இருந்ததைப் போலவே மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அவர் கை தன் போக்கில் வேலை செய்துகொண்டிருந்தது.

"என்ன பண்றீங்க?" என்றார் மனைவி.

"தட்டுதான் மாட்டியாச்சே. இனிமே இது எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு? திருப்பி அனுப்பப் போறேன். இன்னும் நாள் இருக்கு."

"காரணம் கேட்பாங்களே?"

"சரியா வேலை செய்யலைன்னு போடறது."

மனைவி தலையைத் தூக்கி, சுவர் நெடுக வரிசையாக நிற்கும் இரும்புத் தட்டுகளைப் பார்த்தார். விளக்குகளைப் பார்த்தார். டைனமோக்களைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை ஓட்டையும் நகத்தாலயா போட்டீங்க?"

"அது வேற, இது வேற. அவன் என்னை மாதிரி ஒரு ஏழைகிட்ட ஏமாத்தினான். இது பெரிய கம்பெனி, அவங்களுக்கு இதெல்லாம் ஒரு தூசு. எல்லாரும்தான் செய்யறாங்க. நான் என்ன, அப்படிப்பட்ட ஆளா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வாக்கியம் அவர் காதிலும் விழுந்துவிட்டது. மனைவி சண்டை போடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. பெட்டி கட்டும் மேஜையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்து, பல்லால் ஒரு துண்டு கடித்து நீட்டினார்.

"அனுப்பறதுன்னா அனுப்புங்க. இதுல ஒரு வாத்து ஒட்டி விடட்டுமா?"

டிரில்லிங் மிஷின் இப்போது அந்தத் தட்டுகளில் ஒன்றின்மேல்தான் இருக்கிறது. அதன் கைப்பிடியில் ஒரு வாத்து இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது மட்டும் ஸ்பேனர் நின்று பார்ப்பதில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இதே மாதிரி ஓர் ஆள் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். உங்கள் மைத்துனர்கூடக் கொஞ்சம் அப்படித்தான். இதை அவருக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்று போனைத் தேடுகிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்குமுன் ஒரே ஒரு விஷயம். விலைச்சீட்டைக் கிழிக்காமல் காலருக்குள் மடித்துவிட்டு, ஒரே ஒரு விசேஷத்துக்கு மட்டும் போட்டுப் போனீர்களே, அந்தச் சட்டை இப்போது எங்கே? ஒரே ஓர் ஊர்ப்பயணம் போய்வந்த கையோடு, சக்கரம் சரியாக உருளவில்லை என்று எழுதினீர்களே, அந்தப் பெட்டி? பக்கவாட்டுக் கண்ணாடியின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை அந்த அம்மாள் வாய்விட்டுப் படித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் எழுதிய வாசகம் அது என்று ஸ்பேனரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

என்ன, "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்கிறீர்களா? நான் ஒன்றும் கேட்கவில்லையே.