கருங்கல்லில் நாலாவது சரக்கு

பம்பாயில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளைச் சால் என்பார்கள். செம்பூரில் அப்படி ஒரு சாலில் பிரம்மநாயகமும் செண்பகவல்லியும் ஒரு ஆட்டுக்கல்லும் குடியிருந்தார்கள். அதிக இடம் பிடித்தது ஆட்டுக்கல். கல்யாணமாகித் திருநெல்வேலியில் ரயிலேறியபோது, சீர்வரிசையில் பாதியை விட்டுவிட்டு அதை மட்டும் செண்பகவல்லி விடாமல் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் ஆட்டுவது செண்பகவல்லி. ஆடுவது குழவியும் பிரம்மநாயகமும்.

அறுபத்து நாலாம் வருஷம் மழை ஓய்ந்ததும் பிரம்மநாயகம் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். கல் வெளியே போக வேண்டும். அது இருக்கும் ஜன்னல் மூலையில் சாய்வு நாற்காலி போட்டு, மனுஷனைப் போலச் சாய்ந்து உட்கார வேண்டும். நேராகக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. கல்லை எப்போது எடுக்கலாம் என்றால் செண்பகவல்லி இந்தியில் 'கல்' என்பாள். நாளைக்கு என்று அர்த்தம். நாளைகள் போயின. கல் போகவில்லை.

அவருக்கு டிராம்பேயில், அணுசக்தி ஆபீஸில் பியூன் வேலை. ஒருநாள் வேங்கடசுப்ரமணியன் என்ற அதிகாரிக்கு டீ வைக்கப் போனபோது, அவர் யாரிடமோ கருங்கல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பூமிக்கடியில் குழம்பாகக் கிடந்து, மெல்ல ஆறி இறுகிய கல்லாம். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று அதில் மூன்று சரக்கு. நாலாவதாக ஒரு பொட்டு யுரேனியமும் இருக்கும், ஆனால் அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்றார். பிரம்மநாயகம் அந்த 'ஆனால்' வரைக்கும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் பஸ் பிடித்தார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். என்ன விஷயம் என்று செண்பகவல்லி கேட்டாள்.

"இதுல வெள்ளையாத் தெரியுதுல்லா, அது குவார்ட்ஸ். சதை நிறத்துல இருக்கது ஃபெல்ட்ஸ்பார். மினுங்குது பாரு, நீ காக்காப்பொன்னும்பியே, அது மைக்கா."

"சரி."

"கண்ணுக்குத் தெரியாம இன்னொண்ணு இருக்கு. யுரேனியம். கதிர் வரும்."

"எதுல, மாவுலயா?"

"மாவு, சட்னி, எல்லாத்துலயும்."

செண்பகவல்லி யோசித்தாள். சால் வாசலில் இருக்கும் பிள்ளையாரும் ஊரிலிருந்து வந்த கருங்கல்தானே என்றாள். மந்திரம் சொல்லி வைத்த கல்லில் கதிர் அடங்கிவிடும் என்றார் அவர். கல்யாணத்தன்று மந்திரம் சொல்லித் தன் காலைப் பிடித்து அம்மி மேல் வைத்தாரே, அப்படியென்றால் கருங்கல் நல்லதுதானே என்றாள். அது அம்மி, இது ஆட்டுக்கல் என்று சொல்லித் தப்பித்தார்.

"பெரிய ஆபீஸ்ல சொன்னா சரியாத்தான் இருக்கும். வெளிய உருட்டிருங்க" என்றாள்.

அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அதைப் பிரம்மநாயகம் யோசித்திருக்க வேண்டும். அவரோ, இடுப்புப் பிடித்துக்கொண்டதுகூடத் தெரியாமல் கல்லை வராந்தாவுக்கு உருட்டினார். சனிக்கிழமை நாற்காலி வந்தது. சாய்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியே தடதடவென்று சத்தம். எட்டிப் பார்த்தார். சாலில் உள்ள ஆண்களெல்லாம் பனியனோடு அம்மியும் ஆட்டுக்கல்லும் சுமந்துவந்து அவர் வாசலில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. பின்னால் அவர்களுடைய மனைவிமார்.

"நமக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க" என்றாள் செண்பகவல்லி. "நீங்க டிராம்பே ஆளு, பாத்துச் சொல்லுவீங்கன்னு சொன்னேன்."

கடைசி வீட்டு நயினார் அதே ஆபீஸில் டிரைவர். இவருக்கு எதற்குச் சிரமம், நாளைக்கு வேங்கடசுப்ரமணியன் சாரிடமே கேட்டுவிடலாமே என்றார். பிரம்மநாயகம் அவசரமாக வாசலுக்கு வந்தார். அதெல்லாம் வேண்டாம், தாமே பார்த்துவிடுவதாகச் சொல்லி வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதலில் ஒரு மராட்டிக்காரப் பெண்ணின் கல். அது இந்த ஊர் எரிமலைக் கல், கருங்கல்லே இல்லை என்று ஒதுக்கினார். மற்றதெல்லாம் தெற்கத்திக் கல். தட்டினார். காதை வைத்துக் கேட்டார். ஒன்றிரண்டை முகர்ந்தும் பார்த்தார். நல்ல கல் என்றார். அடுத்ததும் நல்ல கல். ஆண்கள் முகம் தெளிந்தது. பக்கத்து வீட்டு ஆபிதாவின் கல்லையும் நல்ல கல் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

"எங்க கல்லும் செண்பகம் கல்லும் ஒரே மலையில எடுத்ததுல்லா, அண்ணாச்சி?" என்றாள் ஆபிதா. "எங்களது நல்லதுன்னா அதுவும் நல்லதுதானே?"

பிரம்மநாயகம் நயினாரைப் பார்த்தார்.

"நல்லதுதான்" என்றார்.

நாற்காலி மடங்கிச் சுவரில் ஆணிக்குப் போனது. வெளியே உருட்டியவரே கல்லை உள்ளே உருட்டினார். ஆனால் கூட்டம் கலையவில்லை. வாயால் சொன்னால் போதாது, அவரே ஆட்டி அவரே சாப்பிட்டுக் காட்டினால்தான் நம்புவோம் என்று பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவருக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. உளுந்து ஊற நேரமாகும், அதற்குள் கலைந்துவிடுவார்கள்.

செண்பகவல்லி மூலையிலிருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். உளுந்து தளும்பத் தளும்ப ஊறியிருந்தது. நேற்றைக்கே போட்டிருக்கிறாள்.