இருபத்துநாலு வோல்ட்டும் என் காரின் உள்விளக்கும்

நாமக்கல் லாரிகளின் விளக்குகள் பேட்டரியில் எரிவதாக நினைப்பவர்கள் இருபத்துநாலு வோல்ட்டைப் பார்த்ததில்லை. அவர் வாய்க்குப் பயந்துதான் அவை எரிகின்றன.

அவர் லாரி எலக்ட்ரீஷியன். இருபத்துநாலு வோல்ட் என்பது பட்டறையில் வைத்த பெயர்; நிஜப்பெயரை அவர் மனைவியிடம்தான் விசாரிக்க வேண்டும். லாரிக்கு இருபத்துநாலு வோல்ட், காருக்கு வெறும் பன்னிரண்டு என்பதால் கார்காரர்கள் மேல் அவருக்கு இளக்காரம். மனிதர்களையும் வோல்ட்டில்தான் அளப்பார். என்னை முதல் நாளே ஒன்பதில் வைத்துவிட்டார்.

என் மனைவி ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது கேட்காமல் போய்விட்டது. அவள் நன்றாகப் பேசுவாள். நான் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். வெள்ளிக்கிழமைதோறும் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டுப் பொழுது சாயும் நேரத்தில் காரில் திரும்புவோம். காரின் உள்விளக்கோ அழுது வடியும். என் உதடு தெரியாததால் நாமக்கல் வரும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவாள். மனைவியோடு சண்டையில்லாத பயணம் யாருக்கு வாய்க்கும் என்று நண்பர்கள் கிண்டலடித்தார்கள். நானோ காரை இருபத்துநாலிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

இதைச் சொன்னதும் இருபத்துநாலு சிரித்தார். “எல்.இ.டி. போட்டாத் தீந்துதுங்க. உங்க மீசையில எத்தன முடின்னு அம்மிணி எண்ணிச் சொல்லுமுங்க.”

பெட்டியிலிருந்து ஒரு பல்பை எடுத்து மாட்டினார். பழையதைவிட மங்கல். பல்பைத் திட்டினார், பேட்டரியைத் திட்டினார், கடைசியில் என் ஜாதகத்தையும் திட்டினார். அரைமணி நேரம் கழித்து, பல்பில் 24 வோல்ட் என்று எழுதியிருப்பதை நான்தான் படித்துக் காட்டினேன். முப்பது வருடம் லாரியிலேயே புழங்கிய கை, பழக்கத்தில் லாரி பல்பை எடுத்துவிட்டது. “லாரிக்குப் பொறந்த பல்புங்க. உங்க கார்ல எரியறதுக்கு ரோசப்படுது” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

மறுநாள் பன்னிரண்டு வோல்ட்டில் வெள்ளை எல்.இ.டி. மூன்று மாட்டினார். காருக்குள் கல்யாண மண்டபம். இருட்டியதும் முன்கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரிந்தது, ரோடு தெரியவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு சேர்ந்தோம்.

பரவாயில்லை, விட்டுவிடலாம் என்றேன். அது அவருக்கு வசவு மாதிரி பட்டுவிட்டது. மூன்று நாள் வேறு வண்டியைத் தொடவில்லை. காத்திருந்த லாரி டிரைவர் ஒருவர் முணுமுணுத்தபோது சீறினார்: “அம்மிணி பேச்சுத்தொணை இல்லாம ஊடு போய்ச் சேருது. உன்ற லோடு நாளைக்குப் போனாக் குடியா முழுகிப்போயிரும்?”

கடைசியில் மூன்றையும் கழற்றிவிட்டு மிதமான மஞ்சளில் சின்ன எல்.இ.டி. ஒன்றைப் பொருத்தினார். லாரி பாடி கட்டியதில் மிஞ்சிய தகரத்தை வளைத்து அதற்குக் குல்லா போட்டார். வெளிச்சம் என் மூக்குக்குக் கீழே மட்டும் விழுந்தது. கண்ணிலும் படவில்லை, கண்ணாடியிலும் படவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அழைக்காமலேயே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். திரும்பும்போது ராசிபுரம் தாண்டி இருட்டத் தொடங்கியது. விளக்கைப் போட்டேன். மூன்று வருட வெள்ளிக்கிழமைகளின் பேச்சு பாக்கி இருந்தும், ரோட்டைப் பார்த்தபடி “பசிக்குதா?” என்றுதான் கேட்க வந்தது.

“பசிக்கல. நீங்க மொதல்ல மெதுவாப் போங்க” என்றாள் மனைவி.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. என் சட்டை, என் ஞாபகமறதி, நான் ஓவர்டேக் செய்யும் அழகு என்று ஒன்று விடாமல் வறுத்தெடுத்தாள். நான் பதில் சொல்லச் சொல்ல அவளும் விடவில்லை. ராஜாவைப் போல ஓட்டினேன்.

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். எமனிடமே வம்பளக்கும் ஆள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“இங்க இருட்டுங்க. நான் பேசறது அம்மிணிக்குத் தெரியாதுங்க” என்றார் மெதுவாக. “நீங்க பேசுங்க சாமி.”

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அன்றிலிருந்து அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன்.