கறுப்புக் கட்டத்துக்குள் முனுசாமி

உயிரோடு இருந்த ஒரு மனிதரை நான் ஒருமுறை சாகடித்திருக்கிறேன். ஆயுதம், ஆங்கிலப் பெரிய எழுத்து.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூரில் ஓர் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த திமிர் வேறு. வெள்ளானூரில் தன் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கும் முனுசாமி, விளம்பரத்தாள் அடிக்க வந்தார். ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பல மாநிலத்துக்காரர்கள் இருப்பதால் ஆங்கிலத்தில் வேண்டுமாம். யாரோ எழுதிக்கொடுத்திருந்ததில் ஒரு தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து, அடுத்தது முழுக்கச் சின்னது, மற்றதெல்லாம் எழுதியவர் இஷ்டம்.

எனக்குப் பொறுக்கவில்லை. தலைப்புகள், பெயர் எல்லாவற்றையும் ஒரே சீராகப் பெரிய எழுத்தாக்கினேன். கட்டங்களுக்கெல்லாம் ஒரே தடிமனில் கறுப்புக் கோடு. நடுவில் இருந்த முனுசாமியின் போட்டோவுக்கும்தான். (சீர் என்றால் சீர்!)

ஆங்கிலம் தெரியாத அவர் புரூஃபைப் பார்த்து, "மூஞ்சி நல்லா கீதும்மா, அடிச்சுடு" என்றார். அன்று பார்த்து முதலாளி ஊரில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைத் திறப்பு பூஜை. மீதித் தாள்களோடு நானும் போனேன். ஷாமியானா இருந்தது, நாற்காலிகள் இருந்தன, கூட்டமும் இருந்தது. சத்தம்தான் இல்லை. மனை பேசி வைத்திருந்த குவார்ட்டர்ஸ்காரர்கள் கைகட்டி நின்றார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். வெள்ளை வேட்டியில் முனுசாமி நடந்து வர, கூட்டம் மெல்லப் பின்வாங்கியது.

"இன்னாம்மா இது? யாரும் என்னாண்ட பேச மாட்டேன்றாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அவருடைய நிழல் தரையில் விழுகிறதா என்று குனிந்து பார்த்தேன். விழுந்தது. கொஞ்சம் மங்கலாகத்தான்.

அப்போதுதான் மேஜை கண்ணில் பட்டது. என் விளம்பரத்தாளைச் சாய்த்து வைத்து மாலை போட்டிருந்தார்கள். முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. போட்டோவைச் சுற்றிக் கறுப்புக் கோடு, கீழே முழுக்கப் பெரிய எழுத்தில் பெயர் என்றால் அந்த வட்டாரத்தில் அது இரங்கல் அட்டை. எங்கள் அச்சகமே அப்படித்தான் அடித்துக் கொடுத்து வந்ததாம். பத்து நாள் மேதைக்கு அது தெரியவில்லை.

முனுசாமியும் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"நான் கீறேன் இல்ல?"

"இருக்கீங்கண்ணே" என்றேன்.

அன்று ஒரு மனைகூடப் போகவில்லை. மகள் செய்த பாவத்துக்கு, ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அப்பா ஒரு மனை வாங்கினார். அதில்தான் இப்போது எங்கள் வீடு. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முனுசாமி வாசலில் நின்று, "கீறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். யார் கதவைத் தட்டினாலும் என் மகன் உள்ளே இருந்தபடியே, "உயிரோடதானே?" என்று கேட்பது இன்றும் நிற்கவில்லை.

பல வருஷம் கழித்து அவருடைய மகன் வந்து நின்றார்.

"அப்பா போய்ட்டாருக்கா. காரியப் பத்திரிகைய நீங்கதான் போடணுமாம். கறுப்புக் கோடு கூடாது, பேரு சின்ன எழுத்துல வரணும்னு சொல்லிட்டுப் போனாரு."

அழுதுகொண்டே அப்படியே செய்தேன். பத்திரிகையைப் பார்த்துவிட்டு மறுநாளே நான்கு பேர் வந்தார்கள். மனை ஏதாவது காலி இருக்கிறதா என்று விசாரிக்க.