ரிப்பன் வெட்டாத கூடாரம்

மனிதன் இயற்கையோடு ஒன்றி வாழ வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் ஒருமனதாக முடிவானது. ஒருமனது என்றால் பெரிய அத்தானின் மனது. அவர் என் வீட்டுக்காரருக்கு மூத்த அண்ணன். ஒரு பெரிய அலுவலகத்தில் பெரிய நாற்காலி. குழம்பில் உப்பு குறைந்தால்கூட "குறை கவனத்துக்கு வந்துள்ளது, ஆவன செய்யப்படும்" என்பார். எழுந்து போய் உப்பு எடுத்துவந்து ஆவன செய்வது அவர் மனைவி, பெரியக்கா.

இயற்கை மேல் இந்தத் திடீர்ப் பாசத்துக்குக் காரணம் எதிர்வீட்டார். போன மாதம் எங்கோ ஓடைக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரிக்கிற மாதிரி படம் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து என் நாத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊரே கூடாரத்துல தூங்குது. நாம மட்டும் இன்னும் கட்டில்ல கிடக்கோம். வெட்கமா இல்ல அண்ணி?" என்றாள்.

எனக்கு வெட்கமாக இல்லை. நான் மரத்தடியில் பாடம் படித்தவள். மரத்தடிக்குப் போவதற்கு லீவு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதே மாதிரி ஓர் ஓடைக்கரைக்கு மூன்று வண்டிகளில் கிளம்பினோம். பெரியவர்கள், சின்னவர்கள், சொந்தத்துக்குச் சொந்தம் என்று ஏறியவர்களைவிட ஏற்றிய சாமான்தான் அதிகம். இயற்கையோடு ஒன்றுவதற்காக மெத்தைகள், பேட்டரி மின்விசிறி, தரைவிரிப்பு, காபி போடுகிற இயந்திரம், நாத்தனாரின் ஆளுயரக் கண்ணாடி. வீட்டில் மிச்சம் இருந்தது சுவர்தான்.

என் கவலையெல்லாம் பாப்பா மேல். அவள் அப்போதுதான் "அம்மா, வருது" என்று சொல்லப் பழகியிருந்தாள். சொன்ன உடனே தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும். சொல்லியும் காக்க வைத்து, ஒரு தடவை நனைத்துக்கொண்டாள் என்றால் அவ்வளவுதான், சொல்வதையே விட்டுவிடுவாள். பட்ட பாடெல்லாம் வீண். அதனால் வண்டியை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகக் கேட்டேன்.

"அத்தான், பாத்ரூம் எங்க?"

"அதோ" என்று பெருமையாகக் கை காட்டினார். முதல் வண்டியில் வந்து இறங்கிய எங்கள் ஆட்கள் ஒல்லியாக, உயரமாக, நீல நிறத்தில் ஒரு கூடாரம் நிறுத்தியிருந்தார்கள். வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன்.

"அப்ப பாப்பாவைக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"எப்படிம்மா? இன்னும் திறப்பு விழா ஆகலையே."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். பெரிய அத்தான் ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்கோ நாற்காலியை விட மனசில்லை. பணி நீட்டிப்பு தர வேண்டிய மேலதிகாரி "அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாக்கிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். எட்டிப் பார்க்க வருகிறவரைச் சும்மா அனுப்ப முடியுமா? எதையாவது திறக்கச் சொல்ல வேண்டாமா?

"வேற எதையாவது திறக்கச் சொல்லுங்களேன் அத்தான்."

"எதைம்மா திறக்கச் சொல்ல? அடுப்பு வீட்டுல இருந்தது. மெத்தை வீட்டுல இருந்தது. நம்மால் புதிதாக நிறுவப்பட்டது இது ஒண்ணுதான்."

"அவர் எப்ப வருவார்?"

"புறப்பட்டுட்டார்."

"எங்க இருந்து?"

"அது தெரிவிக்கப்படலை."

"அதுவரைக்கும் நாங்க என்ன செய்யறது?"

"முகாம் எல்லைக்குள் திறந்தவெளிப் பயன்பாடு அறவே தடை. இயற்கையைக் காக்க வந்துட்டு நாமே கெடுக்கலாமா?"

"மாமாவுக்குச் சர்க்கரை வேற இருக்கே."

"அப்பா முழு ஒத்துழைப்பு நல்குவார்" என்றார்.

என் மாமனார் அப்போதே வண்டிக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒத்துழைப்பு நல்கிக்கொண்டிருந்தார்.

முகாமில் எல்லாவற்றுக்கும் ஒரு குழு உண்டு. கூடாரக் குழு, உணவுக் குழு, நாத்தனார் தலைமையில் அலங்காரக் குழு, குழி தோண்ட என் வீட்டுக்காரர் தலைமையில் என் வீட்டுக்காரர். குழுக்கள் கூடிப் பேசின. உணவுக் குழு எல்லாருக்கும் தர்பூசணி வெட்டிக் கொடுத்தது. அதுதான் வினை.

முதலில் மாமனார்தான் வானத்தைப் பார்த்தார். "ஏதோ பறவை கத்துதே. என்னன்னு பாத்துட்டு வரேன்" என்று ஓடைக்கு மேலே இருந்த பெரிய பாறைக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு களை. கொஞ்ச நேரத்தில் பெரியக்காவுக்கும் பறவை கேட்டது. அப்புறம் வரிசையாக எல்லாருக்கும் கேட்டது. காகத்துக்கும் மைனாவுக்கும் வித்தியாசம் தெரியாத குடும்பம், பறவைக்காக உயிரை விட ஆரம்பித்தது. நானும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நாலைந்து முறை போய்வந்தேன். பாப்பா சொன்னாள், நான் ஓடினேன், உடை நனையவில்லை. எனக்கு வேறென்ன வேண்டும்?

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாத்தனார் பறவை பார்க்கப் போன நேரத்தில் பாறையின் மறுபக்கம் ஏற்கெனவே ஒருவர் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போட்ட கூச்சலில் நிஜப் பறவைகளே பறந்து போயின. வேட்டியைச் சரிசெய்தபடி பெரிய அத்தான் வெளியே வந்தார்.

"ஆய்வுக்கு வந்தேன்" என்றார்.

கையோடு, பறவை நோக்குதல் உடனடியாக வரன்முறைப்படுத்தப்படுகிறது என்று அறிவித்தார். என் பக்கம் திரும்பினார்.

"இந்த விஷயத்துல அனுபவம் உனக்குத்தான்மா அதிகம். நீயே பொறுப்பு எடுத்துக்க."

கையில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டி, கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிட்டார். எனக்கு இந்தக் கூத்தெல்லாம் பிடிக்காது. கழற்றிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன்னால் சும்மா ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். பாறையை நோக்கி நடந்துகொண்டிருந்த பெரியக்கா அப்படியே நின்றுவிட்டார். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் பேச்சுக்கு அவர் நின்றதே கிடையாது.

சரி, ஒழுங்கு என்று ஒன்று வேண்டும்தானே.

வரிசை வைத்தேன். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். ஒருவர் திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவர். என்ன பறவை பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்குச் சும்மா போய் வர ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன பறவை மாமா?"

"ஐயோ, ஏதோ ஒண்ணு. விடும்மா!"

"பேர் சொல்லாம விட முடியாது மாமா."

"கொக்கு! கொக்கு! போதுமா?"

"கொக்கு இப்பத்தான் பாத்தீங்க. வேற சொல்லுங்க."

பெரிய மனிதர், கண்ணில் தண்ணீர் வர, "கழுகு" என்றார். விட்டேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் மேலதிகாரியின் வண்டி வந்தது. குட்டையான, சாதுவான மனிதர். பெரிய அத்தான் வரவேற்புரை வாசித்தார். இந்தக் குடும்பத்தின் நெடுநாள் கனவு இன்று நனவாகிறது என்றார். எது கனவு என்று மட்டும் சொல்லவில்லை. மேலதிகாரியும் எதைத் திறக்கிறோம் என்று கேட்கவில்லை. பழக்கம் போலிருக்கிறது. கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள், வெட்டினார். எல்லாரும் கைதட்டினோம். கூடாரத்தின் ஜிப்பை இழுத்தார்.

உள்ளே அலங்காரக் குழு ஒரு குறையும் வைக்கவில்லை. தரைவிரிப்பு, பூச்சாடி, மின்விசிறி, ஆளுயரக் கண்ணாடி. குழி மட்டும் இல்லை.

நான் வீட்டுக்காரரின் முழங்கையைக் கிள்ளினேன். "குழி எங்கங்க?"

"இடம் காட்டினாத்தானே தோண்ட முடியும்? கேட்டேன். கூடாரம் எங்க நிக்குதோ அங்கதான்னாங்க. போய்ப் பாத்தா ரிப்பன் கட்டியிருக்கு. அலங்காரக் குழுவுக்கு மட்டும்தான் முன் அனுமதி. ரிப்பன் வெட்டாம நான் எப்படி உள்ள நுழையறது?" என்றார். அவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை.

மேலதிகாரி உருகிப் போய் நின்றார். "அடடா, எனக்காகத் தனியா ஓய்வறையா? எதுக்கு இவ்வளவு சிரமம்?"

"நம்ம கடமை சார்" என்றார் பெரிய அத்தான், கண் இமைக்காமல். மேலதிகாரியின் பெட்டி உள்ளே போனது. முகாமில் இருந்த ஒரே கழிப்பறை விருந்தினர் மாளிகை ஆனது.

வெளியே வந்தவர் பாறைப் பக்கம் பார்த்தார். விழா முடிந்த கையோடு அங்கே கூட்டம் அலைமோதியது.

"அங்க என்ன வரிசை?"

"பறவை ஆர்வலர்கள் சார். எங்க குடும்பமே அப்படித்தான்."

"அப்படியா? நானும் பறவைப் பைத்தியம்தான்!" என்று பெட்டியைத் திறந்து ஒரு தூரநோக்கியை எடுத்தார். வரிசையைத் தாண்டி, பாறை மேலேயே ஏறிவிட்டார். உச்சியில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஓடை, புதர், பாறையின் பின்பக்கம், ஒரு மூலை பாக்கியில்லை.

"யாரும் அசையாதீங்க. அசைஞ்சா பறந்துடும்" என்று மேலிருந்து கிசுகிசுத்தார்.

நாங்கள் அசையவில்லை. தர்பூசணி தின்ற அத்தனை பேரும் முழங்காலை இறுக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றோம்.

அப்போதுதான் பாப்பா என் புடவையை இழுத்தாள். "அம்மா, வருது."

"அந்தப் புதர்ப் பக்கம் தூக்கிட்டுப் போயேன்" என்றார் வீட்டுக்காரர்.

"சார் பாக்கிறாரு."

"குழந்தைதானே!"

"இன்னிக்குக் குழந்தைன்னு விட்டா அடுத்தது மாமா வந்து நிப்பார். அப்புறம் எல்லாரும் வருவாங்க. ஒருத்தருக்கு ஒரு ஞாயமா?" என்றேன். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவள் காதில், "கொஞ்சம் பொறு கண்ணு. சார் இறங்கட்டும்" என்றேன்.

"வருதும்மா" என்றாள் மறுபடி. அப்புறம் ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் சொல்லவில்லை. என் இடுப்பு வெதுவெதுவென்று ஆனது. அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

மேலதிகாரி இறங்கி வந்தார். "ஏன் குழந்தை அழுவுது?"

பெரிய அத்தானின் முகம் வெளுத்துவிட்டது. யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"பறவை பறந்து போச்சேன்னு அழறா சார்" என்றேன் நான்.

எல்லாரும் ஒருமனதாகத் தலையாட்டினார்கள். "இந்த வயசுலயே!" என்று மேலதிகாரி பாப்பாவின் தலையைத் தடவினார். "எத்தனையோ அலுவலகம் பாத்துட்டேன். இப்படி அசையாம நிக்கிற ஆளுங்களை எங்கயும் பாத்ததில்ல. உங்க நீட்டிப்பு விஷயத்தை நான் பாத்துக்கிறேன். அப்புறம் ஒண்ணு, கிளம்ப மனசே இல்ல. விடுமுறை முடியற வரைக்கும் உங்களோடயே இருந்துடறேன். பொழுதுக்கும் அந்தப் பாறை மேலயே இருக்கலாம் போல இருக்கு."

பெரிய அத்தான் கைதட்டினார். நாங்களும் தட்டினோம், காலைப் பின்னிக்கொண்டே.

பாப்பாவை ஓரமாகக் கொண்டுபோய்த் துடைத்து உடை மாற்றினேன். வருதா என்று கேட்டால் பதில் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையின் அடியில் கையை விட்டு ஒரு டயப்பரை எடுத்துக் கட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். அந்த முகாமில் அப்போது நிம்மதியாக இருந்த ஜீவன் அவள் ஒருத்திதான்.

மாமனார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, "ஏம்மா, அதுல பெரிய சைஸ் இருக்கா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் பெரியக்கா, பெரியக்காவுக்குப் பின்னால் நாத்தனார், அப்புறம் என் வீட்டுக்காரர், எல்லாருக்கும் கடைசியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி பெரிய அத்தான். வரிசை இம்மி கோணவில்லை. பழக்கியவள் நானாக்கும்.