கூடைப்பந்துக்கு முதுகு காட்டிய மாவீரர்

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் யார் என்பது பற்றி அறிஞர் பெருமக்கள் புத்தகம் எழுதிக்கொள்ளட்டும். பெண்கள் கூடைப்பந்தை இந்தப் பூமியில் வாழவைத்துக்கொண்டிருப்பவர் யார் என்பதில் மட்டும் இரண்டாவது கருத்துக்கு இடமே கிடையாது. அவர் என் அத்தான். அதாவது, என் அக்காவின் கணவர். அவர் ஒருவர் இல்லையென்றால் எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் பந்தை என்ன செய்வதென்று தெரியாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பார்கள் என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம். என்னுடையதும் அதுதான். அவர் என் மேலதிகாரியும்கூட.

அத்தான் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்தக் குழந்தைக்கு யார் தகப்பன் என்பதை அவர் முத்திரை குத்திச் சொன்னால்தான் அரசாங்கம் நம்பும். நான் அதே அறையில் தட்டச்சர். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர், கிளம்புகிற நேரத்தில், "பெண் முன்னேற்றத்துக்கு இந்த ஆபீஸ் என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காரில் ஏறிப் போய்விட்டார். அத்தான் அன்று மதியம் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் 'மாணவியர் கூடைப்பந்து ரசிகர் பேரவை' பிறந்துவிட்டது. சுகப்பிரசவம். ஒருங்கிணைப்பாளர், அத்தான். துணை ஒருங்கிணைப்பாளர், நான். எனக்கு ஒதுக்கப்பட்ட துறை பாட்டரி. அத்தான் கையில் பிடித்துக் கத்துகிற மைக்குக்கு அது நிறைய வேண்டியிருந்தது.

சாதாரண ரசிகன் மைதானத்துக்குப் போனால் ஆட்டத்தைப் பார்ப்பான். அத்தான் அந்தச் சின்னத்தனத்தை ஒருநாளும் செய்ததில்லை. கோர்ட்டுக்கும் கேலரிக்கும் நடுவில், கேலரியைப் பார்த்தபடி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கைதட்டலைக் கிளப்புவது, கோஷத்தை எடுத்துக் கொடுப்பது, நடுவில் கொட்டாவி விடுபவர்களைப் பெயர் சொல்லிக் கண்டிப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

"அத்தான், ஒரு தடவை திரும்பிப் பார்த்தா என்ன?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"பரிமாறுறவனே உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சா விருந்து உருப்படுமா மாப்ளே?" என்றார்.

திரும்பாமலே அவருக்கு ஸ்கோர் தெரியும். முன்வரிசையில் உட்காரும் டெய்லர் வாயைப் பிளந்தால் நமக்கு இரண்டு புள்ளி. பல்லைக் கடித்தால் எதிராளிக்கு. டெய்லருக்குத் தும்மல் வந்த ஒரு நாளில் மட்டும் கணக்கு கொஞ்சம் பிசகியது. போர்க்களத்தில் முதுகு காட்டுவது கோழைத்தனம் என்பார்கள். மூன்று ஆண்டுகள் விடாமல் முதுகு காட்டி மாவீரர் என்று பெயரெடுத்தவர் உலகத்திலேயே என் அத்தான் ஒருவர்தான்.

எங்கள் அணியின் உயிர் சுண்டெலி. அது பெயரல்ல, கேலரி கொடுத்த பட்டம். ஆள் குள்ளம். எதிரணியில் நெட்டை நெட்டையாக நிற்கிற பெண்களின் கைக்கடியில் புகுந்து, அவர்கள் குனிந்து தேடி முடிப்பதற்குள் பந்தைக் கூடையில் போட்டுவிட்டு வந்து நிற்பாள். அத்தானுக்கு அவள் மேல் உயிர்.

"பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும் மாப்ளே! இவளைப் பெத்தவன் எவனோ, கொடுத்து வெச்சவன்!"

"ஆமா அத்தான். ரொம்பக் கொடுத்து வெச்சவர்," என்பேன்.

பெற்றவர் அவர்தான். சுண்டெலி என் அக்கா மகள்.

இது ஊருக்கே தெரியும். கோச்சுக்குத் தெரியும். கேலரியில் வேர்க்கடலை விற்பவருக்குத் தெரியும். ஜெர்சி தைத்துக் கொடுத்த டெய்லருக்கு அளவோடு தெரியும். அத்தானுக்கு மட்டும்தான் தெரியாது. பாவம், எல்லாமே அவர் முதுகுக்குப் பின்னால் அல்லவா நடந்துகொண்டிருந்தது! ஆட்டம் முடிந்தால் வீராங்கனைகளைப் போய்ப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் கேலரிக்கு நன்றியுரை ஆற்றுவார். அது முடிவதற்குள் வீராங்கனைகள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டிருப்பார்கள்.

அவள் ஒளித்துச் செய்ய ஆசைப்பட்டவள் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் முறையாக அனுமதி கேட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"அப்பா, நான் பாஸ்கெட்பால் டீம்ல சேரட்டா?"

"நீயா? எதுக்கு?"

"நீங்கதானே மைக்ல சொன்னீங்க, எல்லாப் பொண்ணுங்களும் விளையாட வரணும்னு."

"எல்லாப் பொண்ணுங்களும்னா ஊர்ல இருக்கிற பொண்ணுங்க. நீ என் பொண்ணு. கையைக் காலை உடைச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது? ஒழுங்கா கணக்கு டியூஷனுக்குப் போ."

'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்று சொல்லித்தான் அத்தான் எந்தக் கூட்டத்தையும் முடிப்பார். அவர் வாக்கு பொய்க்கவில்லை. தன் பிள்ளை தானேதான் வளர்ந்தது. டியூஷன் பையில் ஷூவை வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் வளர்ந்தது.

ஆட்டம் முடிந்து அத்தான் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவார். வீங்கின முழங்காலைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு அவள் வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பாள். "இன்னைக்கு சுண்டெலி ஆடின ஆட்டம் இருக்கே! உன் வயசுதான் இருக்கும் அவளுக்கு. நீயும்தான் இருக்கியே, ஆமை மாதிரி!" என்று ஆரம்பித்து, அவள் ஆடிய ஆட்டத்தை அவளிடமே முழுக்க விவரிப்பார், பார்க்காதவர் ஆடியவளுக்கு. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "மாமா, அப்பா ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டா என்ன ஆகும்?"

"உன் ஆட்டம் அதோட நின்னுடும்மா."

"நின்னா நிக்கட்டும் மாமா. ஒரே ஒரு தடவை பார்த்தாப் போதும்."

பாட்டரி மாற்ற வேண்டும் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

இந்த ஆண்டு எங்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. இளையோர் அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வாளர் அம்மா நேரில் வருகிறார் என்றும், அவர் வருவதே சுண்டெலியைப் பார்க்கத்தான் என்றும் கோச் என் காதில் சொன்னார். அன்று ஆடினால் இளையோர் அணி, விடுதி, நல்ல பயிற்சி. ஆடாவிட்டால் கணக்கு.

விதி, டியூஷன் வாத்தியார் உருவத்தில், ஆட்டத்துக்கு முதல் நாளே எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது, பதிய வந்திருந்தார். அத்தான் முத்திரையை மையில் தோய்த்துக்கொண்டே, "என் பொண்ணு எப்படிப் படிக்கிறா சார்?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா சார்?" என்றார் வாத்தியார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் விசாரணைக் கமிஷன் கூடியது.

"டியூஷனுக்குப் போகாம எங்கடி போன?"

"கிரவுண்டுக்குப்பா."

"மேட்ச் பார்க்கவா?"

"இல்லப்பா, மேட்ச்..."

"வாயை மூடு! ஒரு வீட்டுக்கு ஒரு ரசிகர் போதும்."

"என்னங்க, அவ என்ன சொல்ல வர்றான்னு ஒரு நிமிஷம் காது கொடுத்துத்தான் கேளுங்களேன்," என்றாள் அக்கா.

"நாளைக்கு ஃபைனல். நான் தொண்டையைக் காப்பாத்தணும். இனிமே இந்த வீட்டுல பேச்சே கிடையாது."

அக்கா நர்ஸ். மறுநாள் அவள் பகல் டியூட்டிக்குக் கிளம்பிப் போனதும், அத்தான் மகளைக் கணக்குப் புத்தகத்தின் முன் உட்காரவைத்து, வாசல் கதவை வெளியே பூட்டினார். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு பெண் முன்னேற்றத்துக்காக மைதானத்துக்குப் புறப்பட்டார். நான் பாட்டரிப் பையோடு பின்னாலேயே போனேன். வாயைத் திறக்கவில்லை. சம்பளமும் சொந்தமும் ஒரே ஆளிடமிருந்து வந்தால் வாய்க்கு வேலை குறைவு.

எங்கள் அணியில் மொத்தமே ஆறு பேர். ஒருத்திக்குக் கால் சுளுக்கு. சுண்டெலி வரவில்லை. கோர்ட்டில் நான்கு பேர் நின்றார்கள். ஐந்து பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க முடியாது, கால் மணி நேரம் பார்ப்பேன், அப்புறம் எதிரணி ஜெயித்ததாக அறிவித்துவிடுவேன் என்றார் நடுவர். தேர்வாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சுண்டெலியை வீட்டுல விடலையாம்," என்று டெய்லர் அத்தானிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

அத்தானின் முகம் சிவந்தது. மைக்கை உயர்த்தினார். அவருடைய பொதுவாழ்வின் மிகச் சிறந்த உரை அதுதான் என்று நான் எங்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன்.

"யார் அந்தத் தகப்பன்? கேக்கிறேன்! பெத்த பொண்ணோட திறமையைப் பூட்டி வைக்கிற அந்தக் கல்நெஞ்சன் யாரு? அவனெல்லாம் ஒரு மனுஷனா? வீட்டுக்குள்ளயே ஒரு வைரத்தை வெச்சுக்கிட்டுக் கண்ணைத் திறந்து பார்க்காத குருடன்!"

கேலரியில் ஊசி விழுந்தால் கேட்கும். தன் பேச்சில் கூட்டம் கட்டுண்டு கிடக்கிறது என்று அத்தான் எடுத்துக்கொண்டார்.

"தீர்மானம் ஒண்ணு! அந்தத் தகப்பனை இந்தப் பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது. தீர்மானம் ரெண்டு! அவன் வீட்டுக் கதவை உடைச்சாவது பொண்ணைக் கூட்டிட்டு வரணும். எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்!"

ஒரு கையும் எழும்பவில்லை. தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின.

"மாப்ளே! கிளம்பு! கடப்பாரை எடுத்துக்கோ!"

எனக்கு இரண்டு வருஷத்து எரிச்சல். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது.

"கடப்பாரை எதுக்கு அத்தான்? சாவி இருக்கு."

"யார்கிட்ட?"

"உங்க சட்டைப் பையில."

மைக் நல்ல மைக். புது பாட்டரி வேறு. நான் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது.

அத்தான் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் வாயைப் பிளக்கவும் இல்லை, பல்லைக் கடிக்கவும் இல்லை. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லா முகத்திலும் ஒரே பதில் இருந்தது. மைக்கை அணைத்தார். சட்டைப் பைக்குள் விரலை விட்டு, சாவியை எடுத்து, என்னைப் பார்க்காமலே நீட்டினார்.

"தீர்மானம் நிறைவேறிடுச்சில்ல. போ," என்றார்.

ஸ்கூட்டரில் பறந்தேன். கதவைத் திறந்தபோது அவள் ஜெர்சியும் ஷூவும் போட்டுக்கொண்டு கணக்குப் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"அப்பாவா சாவி குடுத்தாரு?"

"ஆமா. ஏறும்மா, நேரமாச்சு."

"அப்ப இன்னைக்குத் திரும்பிப் பார்ப்பாரா மாமா?"

நான் வண்டியைக் கிளப்பினேன்.

நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும் சமயத்தில் போய்ச் சேர்ந்தோம். ஆட்டம் தொடங்கியது. அத்தான் அதே இடத்தில், அதே திசையில், கேலரியைப் பார்த்து நின்றார்.

"திரும்புங்கண்ணே," என்றார் டெய்லர் மெதுவாக. "இனிமே என்ன ஒளிவு மறைவு?"

"உங்களுக்குப் புரியாது. திரும்பினா நான் அப்பா. அப்பாவா இருந்தா அவ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகணும், இல்லேன்னா வீட்டுல என் பேச்சு என்ன ஆகுறது? ரசிகனா நின்னா ஆட விடலாம். அவ ஆடட்டும்னுதான் இப்படியே நிக்கிறேன்."

இப்படி ஒரு தியாகத்தை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. "சுண்டெலி! சுண்டெலி!" என்று கத்தினார். குரல் கம்மியது. கழுத்து நரம்பு புடைத்தது. கழுத்து மட்டும் திரும்பவில்லை.

அவள் ஆடினாள். என்ன ஆட்டம்! கூடையில் போடும் ஒவ்வொரு தடவையும் கேலரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அங்கே அவளுக்குத் தெரிந்தது வியர்வையில் ஒட்டிப்போன ஒரு சட்டையின் பின்பக்கம். ஒரே ஒரு கூடையில் தோற்றோம். தோற்ற அணிக்குக் கேலரி முழுக்க எழுந்து நின்று கைதட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

தேர்வாளர் அம்மா சுண்டெலியின் தோளில் கை போட்டு அவளைக் கேலரிப் பக்கமாக அழைத்து வந்து அத்தானுக்கு எதிரே நிறுத்தினார். கோச் பின்னால் ஓடிவந்தார்.

"இந்தப் பொண்ணை நான் எடுத்துக்கிறேன். அப்பா அம்மா யாராவது ஒருத்தர் இப்பவே சரின்னு சொல்லணும். யாராவது இருக்கீங்களா?"

அத்தான் மைக்கை ஆன் செய்தார். "பேரவையின் சார்பில் முழு மனதோடு சம்மதம் தெரிவித்துக்கொள்கிறேன்!"

"நீங்க அப்பாவா சார்?"

"நான் ஒருங்கிணைப்பாளர். அந்த முறையில பூரண சம்மதம்."

"அது சரி சார். அப்பா என்ன சொல்றாரு?"

அத்தான் மைக்கை அணைத்தார். தொண்டையைச் செருமினார். "அது வேற சப்ஜெக்ட். பரிசீலனையில இருக்கு," என்றார்.

அந்த அம்மா ஒன்றும் புரியாமல் அவளிடம் திரும்பினார். "உங்க வீட்டுல யாரும்மா வந்திருக்காங்க?"

"அம்மா டியூட்டி முடிஞ்சு இப்ப வந்துடுவாங்க மேடம். அவங்க சரின்னு சொல்லுவாங்க."

"அப்ப இவரு யாரு?"

அவள் முகத்து வியர்வையை ஜெர்சியில் துடைத்துக்கொண்டாள். அத்தானை நேராகப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"இவரா? எங்க ரசிகர் மேடம். ஒரு மேட்ச் விட்டதில்ல. அப்பாதான் ஒரு மேட்சுக்கும் வந்ததில்ல."