வெள்ளை வந்தால் வீடு

“விக்கிறதுக்கில்ல தம்பி” என்று மூன்றாவது முறையாகச் சொன்ன ஐயாதுரை, மூன்றாவது முறையாகக் காபியும் கொடுத்தார்.

கௌதம்ராஜுக்கு அந்தக் காபி போதும். விற்காதவர் எதற்குக் காபி கொடுக்கிறார்? ராஜபாளையத்து மில்லில் சூப்பர்வைசர் அவன். எப்பேர்ப்பட்ட ஆளையும் பேசியே கரைத்துவிடுவான். மாதக் கடைசிக்குள் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீடோ, மனைவி வைஜயந்தி வேலை பார்க்கும் கோர்ட்டுக்கு நடக்கிற தூரம்.

“மகன் கோயம்புத்தூருக்குக் கூப்பிடுதான். ஆனா மிலிட்டரியில இருந்து வந்து பாத்துப் பாத்துக் கட்டுன வீடு. அந்த வேப்பமரத்தை விட்டுட்டு எப்படிப்பா...”

“ஒரு கெளையக்கூட வெட்ட மாட்டேன் அண்ணாச்சி.”

“நாய்?”

வாசலில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய் கௌதம்ராஜின் செருப்பைத் தின்றுகொண்டிருந்தது.

“எங்க ஊரு நாய்தான! நானே வளக்கேன்.”

ஐயாதுரை பெருமூச்சு விட்டார். “மனசு கேக்கலையே.”

“ரெண்டு லட்சம் சேத்துத் தாரேன்!”

ஒற்றைச் செருப்போடு வெளியே வந்தவனை, கூடவே வீடு பார்க்க வந்திருந்த வைஜயந்தி பிடித்துக்கொண்டாள். “ஏங்க, நீங்க வீடு வாங்கப் போறீங்களா, வாழ்க்கைப்பட்டுப் போறீங்களா? ஹால் நடுவுல எதுக்கு வாளி வச்சிருக்காங்க?”

“துளசிச் செடிக்கு மழைத்தண்ணி பிடிக்காகளாம்.”

“ஹாலுக்குள்ளயா?”

“மிலிட்டரிக்காரரு. ஒரு சொட்டு வீணாக்க மாட்டாரு.”

புதன்கிழமை ஐயாதுரை போன் செய்தார். “முடிவு என் கையில இல்ல தம்பி. வெள்ளிக்கிழமை தெருமுனை அம்மன் கோவில்ல பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா வீடு உங்களுக்கு. செவப்பு வந்தா இந்தப் பேச்சையே விட்டுருவோம்.”

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கௌதம்ராஜுக்கு அம்மன்மேல் முழு நம்பிக்கை உண்டு. இருந்தாலும் வியாழக்கிழமை சாயங்காலம் கோவில் வாசல் பூக்காரி வெள்ளத்தாயிடம் போய் நின்றான்.

“யக்கா, ஐயாதுரை அண்ணாச்சிக்கு நாளைக்கு நீங்கதான பொட்டலம் கட்டணும்? ரெண்டுலயும் வெள்ளையே வச்சிருங்க.” ஐந்நூறு ரூபாயை நீட்டினான்.

வெள்ளத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “துட்டு கெடக்கட்டும். பொறவு பாத்துக்கிடலாம். போங்க.”

வெள்ளிக்கிழமை பூசாரி இரண்டு பொட்டலங்களையும் குலுக்கிப் போட்டார். ஐயாதுரை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை!

அவர் மனைவி சுந்தரம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஐயாதுரை அம்மனைக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஆத்தாளே சொன்ன பொறவு நான் யாரு? அட்வான்ஸ் கையிலதான வச்சிருக்கீக?”

கொடுத்தான். மிச்சப் பொட்டலத்தை யாராவது பிரித்துவிடப் போகிறார்களே என்று அவசரமாகக் கையை நீட்டினான். அது அதற்குள் ஐயாதுரையின் சட்டைப் பைக்குள் போயிருந்தது.

“சாமி பூவுல்லா. நானே வச்சுக்கிடுதேன்.”

தப்பித்தோம் என்று ஒரு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வெள்ளத்தாயிடம் ஓடினான். “யக்கா, இந்தாங்க. அந்த ஐந்நூறும் உங்களுக்குத்தான்.”

வெள்ளத்தாய் பால்கோவாவை மட்டும் வாங்கிக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஒரே சோலிக்கு ரெண்டு பேருகிட்டயா துட்டு வாங்குறது? ரெண்டுலயும் வெள்ளையே வைக்கச் சொல்லி அண்ணாச்சி புதன்கிழமையே குடுத்துட்டுப் போயிட்டாவ தம்பி.”