தொண்ணூற்றேழாவது சந்தேகம்

மூன்றாவது தடவையாகப் பாயை விரித்து உதறினாள் பானுப்ரியா. கொஞ்சம் தூசி விழுந்தது. நோட்டு விழவில்லை.

செவ்வாய்க்கிழமை, மணி ஐந்து நாற்பது. ஆறு மணிக்கு யோகா வகுப்பு. மாடி ஹாலில் அவளையும், பெருக்கிக்கொண்டிருந்த மூக்காயியையும் தவிர யாரும் வந்திருக்கவில்லை.

"மூக்காயிக்கா, என் பாய்க்குள்ள ஒரு பச்சை அட்டை நோட்டு இருந்துச்சே, பார்த்தீங்களா?"

மூக்காயி விளக்குமாற்றை நிறுத்தவில்லை. "நோட்டா? எனக்கு எழுத்துத் தெரியுமா, படிப்புத் தெரியுமா?"

"எழுத்து வேணாம்க்கா. அட்டை பச்சையா இருக்கும்."

"பச்சையுந் தெரியாது தாயி. தள்ளு, குப்பை உன் காலுக்குக் கீழதான் கெடக்கு."

பானுப்ரியா தள்ளி நின்றாள்.

பழனி ரோட்டில் ஒரு பிரியாணி ஹோட்டலுக்கு மேலே இருந்தது அந்த ஹால். மாலையில் ஒன்பது பெண்களுக்கு ஷாஹினா மேடம் அங்கே யோகா சொல்லிக்கொடுத்தார். ஆறரை மணிக்குக் கீழே அண்டாவின் மூடியைத் திறப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் மேலே மூச்சுப் பயிற்சி. "உள்ள இழுங்க" என்றால் ஒன்பது பேரும் மனதார இழுப்பார்கள். "வெளிய விடுங்க" என்றால்தான் தயக்கம்.

மேடத்துக்கு இருபத்தொன்பது வயது. பானுப்ரியாவைவிட மூன்று வயதுதான் மூத்தவர். ஆனாலும் பானுப்ரியா அவரைக் குரு என்றே மனதில் வைத்திருந்தாள். அதற்குக் காரணம் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லேப்பில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசியைக் கையில் எடுத்தாலே விரல் நடுங்கும். ஒருவருக்கு இரண்டு மூன்று இடத்தில் குத்துவாள். "இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா வேற ஆள் பார்த்துக்குவேன்" என்று ஓனர் சொல்லிவிட்டார். இந்த வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம் நடுக்கம் நின்றது. சரியாகச் சொன்னால் பதினேழாவது நாள். நோட்டில் தேதி இருக்கிறது.

அந்த நோட்டைத்தான் இப்போது காணவில்லை.

வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதுவாள். முன்பக்கத்திலிருந்து மேடம் சொன்னவை. பின்பக்கத்திலிருந்து தன் சந்தேகங்கள், நம்பர் போட்டு. வீட்டில் வைத்தால் தம்பி எடுத்துப் படித்துவிட்டுச் சத்தமாக வேறு வாசிப்பான். அதனால் பாய்க்குள் வைத்துச் சுருட்டி, ஹால் மூலையில் நிறுத்திவிட்டுப் போவாள்.

பன்னிரண்டாவது சந்தேகம்: மேடம் எண்ணும்போது பதினொன்றை விட்டுவிட்டார். மறதியா, அப்படித்தான் எண்ண வேண்டுமா?

நாற்பத்தொன்றாவது: மூக்கு நுனியையே பார்த்துக்கொண்டிருந்தால் மாறுகண் வந்துவிடாதா?

அறுபத்து மூன்றாவது: மனசு அடங்க வேண்டும் என்று சொல்லி முடித்த உடனே ஸ்கூட்டி சாவியைத் தேடி எல்லோரையும் எழுப்பிவிட்டார். அடங்க வேண்டியது யார் மனசு?

இதில் அந்த மாறுகண் விஷயத்தை எழுதிய மறுநாள், மேடம் தானாகவே, "மூக்கு நுனியப் பார்த்தா மாறுகண் வருமோன்னு சிலருக்குத் தோணும். ரொம்ப நேரம் முறைக்காம, லேசாப் பார்த்தாப் போதும்" என்று ஆரம்பித்தார். பானுப்ரியாவுக்குப் புல்லரித்தது. 'சிஷ்யையின் மனதைக் குரு அறிவார்' என்று முன்பக்கத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

திங்கட்கிழமைதான் வினை. பக்கத்துப் பாய் அனிஷா, புடவைக் கடைக்காரி, பேச்சுவாக்கில் சொன்னாள். "எங்க பெரியம்மா ஒரு இடத்துக்குத் தியானத்துக்குப் போனாங்கடி. அங்க குருவைச் சந்தேகப்பட்டா அன்னைக்கே பேரை அடிச்சு அனுப்பிருவாங்களாம்."

அதைக் கேட்ட பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்குத்தான் தொண்ணூற்றேழாவது சந்தேகத்தை எழுதினாள்: 'மேடத்தின் குரு யார்? ஒரு நாளும் அந்தப் பேரைச் சொன்னதில்லையே. குருவே இல்லாமல் ஒருவர் குருவாக முடியுமா?'

இது மேடம் கையில் கிடைத்தால் தீர்ந்தது. வகுப்பு போகும். வகுப்பு போனால் விரல் மறுபடி நடுங்கும். விரல் நடுங்கினால் வேலையும் போகும்.

வீட்டுக்கு வந்ததும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். 'ஹாலில் என் பச்சை அட்டை நோட்டு தொலைந்துவிட்டது. எடுத்தவர்கள் தயவுசெய்து திறக்காமல் தரவும்.'

ஒரு நிமிடத்தில் ஏழு பதில்.

'திறக்காமலா? உள்ள என்ன இருக்கு?'

'ஏய் பானு, மாப்பிள்ளை பேரு என்ன?'

'நானும் தேடுறேன். கெடச்சா மொதல்ல திறப்பேன்.'

பதறிப்போய்ச் செய்தியை அழித்தாள். அழித்த இடத்தில், அழிக்கப்பட்டது என்று போன் எழுதி வைத்தது. "அப்படி என்ன எழுதுன, எதுக்கு அழிச்ச?" என்று, முதல் செய்தியைப் பார்க்காத அந்த ஒருத்தியும் போன் பண்ணிக் கேட்டாள். ஆக எட்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அழிக்கும் முன்பே மேடமும் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டார் என்று போனில் காட்டியிருந்தது. ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை.

புதன்கிழமை மதியம் பானுப்ரியாவுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதே மாதிரி ஒரு பச்சை அட்டை நோட்டு வாங்கினாள். சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து மூன்று மாதக் குறிப்புகளை எழுதினாள். ஒரே நாளில் எழுதியது தெரியாமலிருக்க மூன்று பேனா. பழசாகத் தெரிய அட்டையில் கொஞ்சம் டீ. முன்பக்கத்தில் தினமும், 'இன்று மேடத்தின் விளக்கம் மிகத் தெளிவு.' பின்பக்கத்தில் தினமும், 'சந்தேகம்: இல்லை.' படித்துப் பார்த்தபோது செயற்கையாகத் தெரிந்தது. அதனால் நடுநடுவே, 'இன்றும் இல்லை' என்று மாற்றினாள்.

அன்று மாலை அந்த நோட்டின் முனை கொஞ்சம் வெளியே தெரியும்படி பாயைச் சுருட்டி வைத்தாள். இதைப் பார்த்தால் இதுதான் பானுவின் நோட்டு, கையில் கிடைத்திருக்கும் பழையது வேறு யாருடையதோ என்று மேடம் நினைத்துக்கொள்வார் அல்லவா?

இரண்டிலும் ஒரே கையெழுத்து என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது. திரும்பி ஓடுவதற்குள் மூக்காயி ஹாலைப் பூட்டிவிட்டாள்.

"அக்கா, செத்த நேரம் திறங்கக்கா!"

"பஸ்ஸு போயிரும் தாயி. எதுன்னாலும் நாளைக்கு."

வியாழக்கிழமை வந்தவுடன் பாயைத்தான் பிரித்தாள். புது நோட்டு இருந்தது. நேற்று முனை வெளியே தெரிய வைத்திருந்தாள். இன்று உள்ளே தள்ளியிருந்தது.

மேடம் வந்தார். கண் சிவந்திருந்தது. தினமும் ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் ஏதாவது விளக்கம் சொல்வார். அன்று வாயைத் திறந்தார், மூடினார். "இன்னைக்குப் பேச்சு எதுவும் இல்ல. மூச்சு மட்டும் பார்ப்போம்."

முடிவில், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு நேராகப் பானுப்ரியாவைப் பார்த்தார். "பானு, உனக்கு?"

ஹாலே திரும்பியது.

"எனக்கா? எனக்கு ஒண்ணுமே இல்ல மேடம்! ஒரு நாளும் இருந்ததில்ல!"

அனிஷா முழங்கையால் இடித்தாள். "மெதுவாடி. கீழ பார்சல் வாங்க வந்தவங்கல்லாம் அண்ணாந்து பாக்குறாங்க."

மேடத்தின் முகம் சுருங்கியது. "அப்படியா? சரிம்மா" என்றார். கடைசிச் சுற்று மூச்சை எண்ணும்போது வழக்கம்போலப் பதினொன்றை விட்டார். அன்றைக்குப் பன்னிரண்டையும் விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை லேப்பில், ஆத்தூரிலிருந்து வந்த சுருளிவேல் என்ற விவசாயி சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். பானுப்ரியா ஊசியை எடுத்தாள். விரல் நடுங்கியது. முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது.

அவர் அவள் விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏந்தாயி, ஊசி எனக்கா, உனக்கா?"

"மன்னிச்சிருங்கய்யா."

"செத்த உக்காரு. ரத்தம் எங்க போயிறப் போகுது, உள்ளதான இருக்கு."

கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஓனர் எட்டிப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது. அந்த நிமிடமே பானுப்ரியா முடிவு செய்துவிட்டாள். மறைத்தது போதும். மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான். அதன் பிறகு பேரை அடித்தாலும் சரி.

மாலை ஐந்தேகாலுக்கே ஹாலுக்குப் போனாள். மேடம் வந்திருக்கவில்லை. மூக்காயி ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்திருந்ததால் அதை அடக்கிவைக்க முடியவில்லை. மூக்காயியிடமே கொட்டிவிட்டாள்.

"மேடத்தைச் சந்தேகப்பட்டுத் தொண்ணூத்தேழு எழுதியிருக்கேன்க்கா. அது அவங்க கையில கெடச்சிருச்சு. அதான் நேத்து அப்படி இருந்தாங்க. அதை மறைக்கப் பொய் நோட்டு வேற வச்சேன். கால்ல விழுந்து கேட்கப்போறேன், என்னையப் போகச் சொல்லாதீங்கன்னு."

மூக்காயி துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். "மொதல்ல கண்ணைத் தொடை. உன் நோட்டை அந்த மேடம் புள்ளைகிட்ட எடுத்துக் குடுத்ததே நான்தான்."

"என்னது?"

"இன்னைக்கு நேத்தா? மூணு மாசமா. நீங்கல்லாம் போனதும் எடுத்துக் குடுப்பேன். அது வீட்டுக்குக் கொண்டுபோயி நீ கேட்டதுக்கெல்லாம் புத்தகத்தப் பொரட்டிப் பொரட்டிப் பதிலு தேடும். மறுநா மத்தியானம் நோட்டைக் கொண்டாந்துரும். நான் பாய்க்குள்ள சுருட்டி வச்சிருவேன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்கு."

பானுப்ரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ அந்த மாறுகண்ணு..."

"அதை ஏன் கேக்குற? கண்ணாடி முன்னாடி நின்னு மூக்கையே பார்த்துக்கிட்டு இருந்துச்சாம். புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு மாமியாக்காரம்மா பயந்துபோயி ஓதி ஊதிவிட்டாங்களாம்."

"அந்தப் புது நோட்டு?"

"அதையும் நேத்து மத்தியானம் அது வந்தப்பக் குடுத்தேன். பொரட்டிப் பார்த்துட்டு இங்கனயேதான் உக்காந்து அழுதுச்சு. 'ஒண்ணுகூடக் கேட்கலை மூக்காயிக்கா, அவ என்னைய விட்டுட்டா. சாயங்காலம் நான் என்னத்தச் சொல்லிக் குடுப்பேன்'னு."

கீழே ஸ்கூட்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. படியில் செருப்புச் சத்தம் ஏறியது. பானுப்ரியா அவசரமாக எழுந்தாள்.

"அப்போ பழைய நோட்டை மட்டும் ஏன்க்கா இன்னும் திருப்பித் தரலை? கோவமா?"

மூக்காயி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"கோவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேடத்தோட குரு யாருன்னு கடைசியாக் கேட்டு எழுதுனியாமே? 'நீதான்டின்னு அவ மூஞ்சியப் பார்த்து எப்படிக்கா சொல்றது'ன்னு நாலு நாளா நோட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு முழிக்குது."